பாறையை விட்டு இறங்கிய அம்மன்

எங்கள் ஊரில் ஒரு பாறை இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது. குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, 'ஆபத்து, உள்ளே வராதீர்கள்' என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபத்தே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு ஊர்க்காரர்களைப் பார்த்து வராதே என்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஊர் பெரம்பலூருக்கும் அரும்பாவூருக்கும் நடுவில் இருக்கிறது. நான் பிறந்தது அங்கே இல்லை, ஆண்டிமடம் பக்கம். அங்கே செம்மண்ணும் முந்திரிக்காடும்தான். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று சொல்வார்களே, எங்கள் பக்கம் அது நிஜமாகவே உண்மை. நாயை விரட்ட முந்திரிக்கொட்டையை எடுத்துத்தான் வீச வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து என்னை இங்கே கட்டிக்கொடுத்தார்கள். மறுவீட்டுக்கு வந்த என் அம்மா, வீட்டுக்குப் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பாறையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பாழுங்கெணத்துல தள்ளுனாக்கூட தண்ணியாவது இருக்கும். பொண்ணைக் கொண்டாந்து கல்லுல கட்டிப்போட்டுட்டீங்களே" என்றாள். அம்மாவுக்குத் தெரியவில்லை, தண்ணீரே அந்தக் கல்லில்தான் இருந்தது என்று.

பாறை என்றால் படத்தில் காட்டுவது மாதிரி கூம்பாக, அழகாக எல்லாம் இல்லை. எருமை படுத்துக் கிடப்பது போலக் கிடக்கும். மேலே இரண்டு மூன்று உருண்டைக் கற்கள், எப்போது விழுமோ என்று பயமுறுத்திக்கொண்டு, ஆனால் ஒருநாளும் விழாமல் நிற்கும். வெயில் காலத்தில் அதன் மேல்தோல் வெங்காயம் உரிவது மாதிரி பாளம் பாளமாக உரியும். வெடிப்புகளில் சப்பாத்திக்கள்ளியும் ஊகம்புல்லும் முளைத்துக் கிடக்கும். சித்திரை வைகாசியில் பொழுது சாய்ந்த பிறகும் தோசைக்கல் மாதிரி அனல் வீசும். கல்யாணமான முதல் வருஷம் நான் அதைத் திட்டாத நாள் இல்லை.

மழை வந்த அன்றைக்குத்தான் அது என்ன என்று எனக்குப் புரிந்தது. அரை மணி நேரம் பெய்த மழைதான். ஊரில் மற்றவர்கள் காட்டில் மண் நனைந்ததோடு சரி. பாறை தன் மேல் விழுந்ததில் ஒரு சொட்டைக்கூடக் குடிக்காமல் அத்தனையையும் கீழே விட்டது. பளபளவென்று கறுத்து, நான்கைந்து இடத்தில் வெள்ளையாக நூல் பிடித்தது மாதிரி இறங்கிய தண்ணீர், அடிவாரத்தில் ஓடையாகச் சேர்ந்து எங்கள் கிணற்றைச் சுற்றியிருந்த மண்ணில் இறங்கியது. இரண்டே நாளில் கிணறு ஆள் உயரம் ஏறிவிட்டது. பெரிய மழைக்கு ஊரே ஏங்கும். எங்களுக்குத் தூறல் போதும். அந்தத் தைரியத்தில்தான் மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்து நிற்கும் ஊரில் நாங்கள் மட்டும் வருஷம் தவறாமல் சின்ன வெங்காயம் வைத்தோம்.

அது பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி என் மூத்தாருக்கு. மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். மனைவி செத்துப்போய், பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு, அவருக்கும் சேர்த்து நான்தான் சமைத்தேன். மதியம் வருவார், வாசலில் செருப்பை விடும்போது ஒரு கனைப்புக் கனைப்பார், நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார். நான்கு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. பிற்பாடு நான் அவரை எப்படியெல்லாம் பேசினேன் என்பதைச் சொல்லத்தான் போகிறேன், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

பாறையின் உச்சியில், உருண்டைக் கற்களுக்கு நடுவில் ஒரு சந்து. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு கல், அதன் பக்கத்தில் ஒரு சூலம். அதுதான் அம்மன். பக்கத்திலேயே சின்ன சுனை. ஆடி மாதம் ஊர் முழுக்க மேலே ஏறிப்போய்ப் பொங்கல் வைக்கும். படி கிடையாது. கல்லில் அந்தக் காலத்தில் வெட்டிய பள்ளங்களில் காலை வைத்து, பானையும் அரிசியும் விறகும் தலையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். ஆம்பளைகள் கையை வீசிக்கொண்டு முன்னால் போய்விடுவார்கள். அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

அம்மனைக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற பேச்சை முதலில் யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. வயசானவர்களால் ஏற முடியவில்லை என்றார்கள். மேலே கரண்ட் இல்லை, மைக் செட் போட முடியவில்லை என்றார்கள். பக்கத்து ஊர்க் கோயிலுக்கு டைல்ஸ் போட்டுவிட்டார்கள், நம் அம்மன் மட்டும் வெயிலில் காய்கிறாள் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து டவுனிலிருந்து ஒருவர் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அம்மன் கனவில் வந்தாளாம். ரோட்டோரம் கோயில் கட்டுவதாக இருந்தால் மணல், ஜல்லி, சிமெண்ட் மொத்தமும் தன் பொறுப்பு என்றார். ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவர் கல் அறுக்கிற தொழில் செய்கிறவர் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. ஜல்லி தருகிறேன் என்கிறவனுக்கு ஜல்லி எங்கிருந்து வருகிறது என்றாவது யோசித்திருக்கலாம்.

ஆனால் சாமியை நினைத்த மாத்திரத்தில் தூக்கிவிட முடியாது. உத்தரவு கேட்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சையே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே சுனையில் போட்டுவிட வேண்டும். அம்மன் வேண்டாம் என்று ஒதுக்கியதை மனுஷன் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பொட்டலம் கட்டுவது எங்கள் வகையறாவின் உரிமை. அந்த வருஷம் கட்டியவர் என் மூத்தார்.

வெள்ளை வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நானும்தான் போட்டேன். கல்லைப் பெயர்த்துத் துணியில் சுற்றி, மேளத்தோடு கீழே இறக்கினார்கள். புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. டவுன்காரருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அன்றையிலிருந்து ஊரில் எவன் எந்த வெளியூர்க்காரனிடம் பேசினாலும், "எங்க அம்மன் தானா உத்தரவு குடுத்து எறங்கி வந்தவ" என்பதைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பெருமையில் பாறையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, பாறையைக் குத்தகைக்கு விடப் போகிறார்கள் என்று தண்டோரா போடாத குறையாகச் செய்தி வந்தது. எடுக்கப் போகிறவர் யார் என்று பார்த்தால், பரிவட்டம் கட்டிக்கொண்ட அதே வெள்ளை வேட்டி. சர்க்கார் கணக்கில் அது கல்லாங்குத்து புறம்போக்கு, அதாவது எவர் பேரிலும் பட்டா இல்லாத வெறும் கல் நிலம். எருமை மாதிரி ஊருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு கிடந்ததற்குச் சர்க்கார் வைத்திருந்த பெயர் அதுதான்.

எனக்குப் பாறையோடு ஒரு பாசமும் இல்லை. எனக்கு வேண்டியது கிணறு. பாறை போனால் கிணறு போகும், கிணறு போனால் வெங்காயம் போகும், வெங்காயம் போனால் அந்த இரண்டு ஏக்கரில் நாங்கள் விவசாயி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "அவ்வளவு பெரிய பாறைய என்னத்த வெட்டி முடிக்கப் போறான், நம்ம காலத்துக்கு இருக்கும்" என்றார். அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது, வெடி வைத்தால் பாறை நகராதா என்றேன். அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துத் திடலில் ஷாமியானா போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நல்ல மனுஷர், கோபப்படாமல் கேட்டார். தூசி வரும் என்றார்கள், வெடிச்சத்தத்தில் சுவர் விரியும் என்றார்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "பாறைமேல கோயில் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். "அது அம்மன் எடங்க சார்" என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன்.

"சாமி இப்ப எங்கம்மா இருக்கு?"

"கீழ ரோட்டோரமா இருக்குங்க. ஆனா எடம் அதுதாங்க சார்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். அப்போது கோயில் தர்மகர்த்தா எழுந்ததைப் பார்க்க வேண்டுமே! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "சார், எங்க அம்மன் சும்மா எறங்கலீங்க. பூக் கேட்டு, வெள்ளப் பூ குடுத்து, அவளா உத்தரவு சொல்லி எறங்கி வந்தாங்க. மேல இப்ப ஒண்ணும் கெடையாது. சக்தி பூரா கீழதான்" என்றார். நான்கு பேர் கைகூடத் தட்டினார்கள். புதுக் கோயிலின் பெருமையைப் பேச ஓர் அதிகாரி கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம் அவர்களுக்கு. தங்கள் வாயாலேயே பாறையைக் காலி மனை ஆக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது, அதிகாரி அதைக் குறித்துக்கொண்டபோதும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் சாமி கொடுத்தாளா இல்லையா என்று தெரியுமுன்னே தர்மகர்த்தா கொடுத்துவிட்டார்.

நான் மூத்தாரைத் திரும்பிப் பார்த்தேன். பூக்கட்டிய உரிமைக்காரர், அவர் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும். வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் குச்சியால் கிறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவேயில்லை. கூட்டம் முடிந்து போகும்போது வெள்ளை வேட்டி அவரைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கும்பிடுதான் என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஊமை மாதிரி இருக்கிற மனுஷனைக் கும்பிட வேண்டிய அவசியம் அவனுக்கு என்ன? வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மூத்தாரிடம் நேருக்கு நேர் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் ஜாடை பேச ஆரம்பித்தேன். அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து நாயைத் திட்டுவேன். "இங்க தின்னுட்டு அங்க போயி வாலாட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்பேன். கோழி குறுக்கே போனால், "எவன் போடுற தவிட்டுக்கு எவன் வூட்டைக் காட்டிக்குடுக்குற?" என்பேன். நாய்க்கும் கோழிக்கும் புரிந்ததோ இல்லையோ, அவருக்குப் புரிந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கனைப்பு. நானும் விடவில்லை. வருஷக்கணக்கில் அந்த நாய் என்னிடம் வாங்கிய பேச்சுக்குக் கணக்கே இல்லை.

வேலை தொடங்கியது. முதலில் உச்சியிலிருந்த உருண்டைக் கற்கள்தான் போயின. எத்தனை இடி, எத்தனை புயலுக்கு அசையாமல் நின்றவை, ஒரு மதியத்தில் கீழே கிடந்தன. அப்புறம் தினமும் வெடி வைக்குமுன் சங்கு ஊதும், எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும், தரை ஒரு குலுக்குக் குலுக்கும், அலமாரியில் பாத்திரம் ஆடும். கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரிலிருந்து வந்த வெள்ளை மாவு வெங்காயத் தாளில் படிந்து, தாள் நுனி கருகியது. கழுவிவிடத் தண்ணீர் வேண்டுமே என்று மோட்டாரைப் போட்டால், ஒவ்வொரு வருஷமும் கிணறு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஏனென்றால் பாறை தரையோடு முடிந்துவிடவில்லை, தரைக்கும் கீழே தோண்டினார்கள். குழி எங்கள் கிணற்றைவிட ஆழமாகிவிட்டது. காலங்காலமாக எங்கள் பக்கம் இறங்கிய தண்ணீர் அந்தக் குழிக்குள் இறங்கியது. அதை மோட்டார் வைத்து இறைத்து, லாரி போகிற ரோட்டில் தூசி அடங்கத் தெளித்தார்கள். என் வெங்காயத்துக்குப் போக வேண்டிய தண்ணீரில் டிப்பர் லாரிக்கு வாசல் தெளித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் ஒருநாள் காலையில் மோட்டாரைப் போட்டேன். குழாய் இரண்டு முறை இருமியது, கொஞ்சம் சேறு வந்தது, பிறகு வெறும் காற்று. எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை தெரிந்தது. கிணற்றுக்குள்ளாவது கொஞ்சம் பாறை மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாத்தியில் வெங்காயம் பாதி பருவத்தில் நின்றது. வீட்டுக்காரர் அந்த வாரமே பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியவரை நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. பார்க்கத் தெம்பில்லை.

அன்று மதியம் மூத்தார் சாப்பிட வந்தார். நான் நாயைத் தேடவில்லை. தட்டைப் போட்டுவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். "எவ்வளவு வாங்குனீங்க மாமா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "வாங்கல" என்றார்.

"அப்ப ஏன் அன்னைக்கு வாயைத் தொறக்கல?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளதாம்மா வச்சேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பூசாரி எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. அம்மன் இறங்கவே சம்மதிக்கவில்லை. அவளை யாருமே கேட்கவில்லை. இதை அன்றைக்குத் திடலில் சொல்லியிருந்தால், அதே கூட்டம் மேளத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கும். சட்டம் என்ன சொல்லியிருக்குமோ எனக்குத் தெரியாது, ஊர் குறுக்கே படுத்திருக்கும். "சொல்லியிருந்தா ஊரு என்னை வெட்டிப் போட்டிருக்கும்மா" என்றார். வெட்டட்டுமே என்று என் வாய்வரை வந்தது.

"எதுக்கு மாமா அப்படிப் பண்ணுனீங்க? அந்தாளு சொன்னானா?"

"அவன் யாருன்னே அப்ப எனக்குத் தெரியாது. கோயில் கட்ட நல்லது செய்யறவன்னு நெனச்சேன்." விரலில் ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டில் உதிர்த்தார். "அதுக்கு முந்தின ஆடியில, நீ கர்ப்பப்பை ஆப்ரேசன் முடிஞ்சு வந்த உடம்போட, பானையத் தலையில வச்சுக்கிட்டு, கையையும் ஊனி ஊனி ஏறுன. நடுவுல உக்காந்து அழுத. நான் பின்னால வந்துக்கிட்டு இருந்தேன். தம்பிகிட்ட சொன்னா அவன் காதுல போட்டுக்க மாட்டான். இனிமே நம்ம வூட்டுப் பொம்பள இந்தக் கல்லுல ஏறக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன். அவ்வளவுதாம்மா."

அவர் காசு வாங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சோற்றுப் பானையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, உறவை முறித்துக்கொண்டு, சாகும்வரை மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். என் மேல் இரக்கப்பட்டு என் கிணற்றை அடைத்துவிட்டார்.

நான் அன்றைக்கு அழுதது வலியில்தான். ஆனால் வலித்தாலும் ஏறியது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் நான் காட்டையும் அடுப்பையும் மாட்டையும் விட்டுவிட்டு உச்சியில் உட்காருவேன். பொங்கல் பொங்கும்வரை யாரும் என்னை ஒரு வேலையும் ஏவ மாட்டார்கள். கிழக்கே வெகுதூரத்துக்குத் தெரியும். என் அம்மா ஊர் அந்தத் திசையில்தான் இருக்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஏற்றம் ஒன்றுதான். அதையா இவர் எனக்காக இல்லாமல் ஆக்கினார்?

"நான் கேட்டேனா மாமா?" என்றேன். "ஏற முடியலன்னு ஒரு நாளாச்சும் உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

சோறு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, எழுந்திருங்கள் என்றும் சொல்லவில்லை.